பெயர் எழுதப்பட்ட ஆண்டு: 1931

(சிறு குழுக்களில் வாசித்துக் கலந்துரையாடுவதற்கான பாடம்)

வாக்காளர் இடாப்பைத் திருத்தும் காலம் வந்தால் கிராம அலுவலர் படிவத்துடன் வருவார். வீட்டில் 18 வயது நிரம்பியவர்கள் யார் யார் என்று கேட்பார். நாமும் அடையாள அட்டையைத் தேடி எடுத்து இலக்கத்தைச் சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விடுவோம். ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்குப் பின்னால் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் கதை இருக்கின்றது.

ஜெயபுரம், முழங்காவில், அக்கராயன் என்று எமது பகுதிகளில் வாழும் குடும்பங்கள் ஒரு தடவையல்ல, பல தடவைகள் இடம்பெயர்ந்தவை. ஒவ்வொரு இடப்பெயர்விலும் வீடு போனது, மாடு போனது, நெல் போனது. இவற்றோடு பெயரும் போனது. பங்கீட்டு அட்டை, காணிப் பேமிற், பிறப்புப் பத்திரம், இடாப்பு எல்லாவற்றிலும் இருந்த எமது பெயர்களை மீண்டும் எழுதுவிக்க அலைந்த அலைச்சல் உங்களுக்குத் தெரியும். ஆகவே பெயர் எழுதப்படுவது எத்துணை பெரிய விடயம் என்பதை மற்றவர்களை விட நீங்களே நன்கு அறிவீர்கள்.

இந்த நாட்டின் சாதாரண கமக்காரனுடைய பெயரும், அவன் மனைவியின் பெயரும் முதன்முதலாக வாக்காளர் இடாப்பில் எழுதப்பட்ட காலத்தையே இப்பாடத்தில் படிக்கப்போகின்றோம். அந்த இடாப்பைக் கொண்டு முதலாவது தேர்தல் நடந்த ஆண்டு 1931. அவ்வாண்டில் எல்லோரும் உள்ளே வரவில்லை. சிலரைக் கடதாசி தடுத்தது. சிலரை மற்றவர்களின் தீர்மானம் தடுத்தது. இந்த இரண்டு தடைகளும் இன்றும் எம் மத்தியில் இருக்கின்றன. வழக்கம்போல நோக்குதல், சீர்தூக்குதல், செயற்படுதல் என்ற மூன்று படிகளில் செல்வோம்.

முதலாம் படி: நோக்குதல்

1. அதற்கு முன் இருந்த நிலை

1920களில் இலங்கை பிரித்தானியாவின் குடியேற்ற நாடு. தேசாதிபதியின் கீழ் சட்டநிரூபண சபை ஒன்று இருந்தது. அதற்கு உறுப்பினர்களைத் தெரிவு செய்வதற்கு எழுத வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அத்துடன் குறித்த அளவு வருமானமோ சொத்தோ இருக்க வேண்டும். ஆணாகவும் இருக்க வேண்டும். இந்தச் சல்லடையில் அரித்து எடுத்த பின் மிஞ்சியவர்கள் மொத்த மக்களில் ஏறக்குறைய நூற்றுக்கு 4 பேர். குத்தகைக்கு வயல் செய்தவன், சேனை வெட்டியவன், தோட்டத்துத் தொழிலாளி, கடற்றொழிலாளி ஆகியோர் இந்தக் கணக்கில் இல்லை. எந்தப் பெண்ணும் இல்லை.

2. டொனமூர் ஆணைக்குழு

அரசியலமைப்பை மாற்றுவது பற்றி ஆராய 1927ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பிரித்தானியாவிலிருந்து நான்கு பேர் கொண்ட ஆணைக்குழு ஒன்று வந்தது. தலைவர் டொனமூர் பிரபு. உறுப்பினர்களில் ஒருவர் தொழிற்கட்சியைச் சேர்ந்த வைத்தியரான டிரமண்ட் ஷீல்ஸ். 1928 சனவரி வரை தங்கியிருந்து பலருடைய சாட்சியங்களைக் கேட்டார்கள்.

வந்தவர்களிடம் இந்நாட்டுத் தலைவர்களில் பெரும்பாலோர் எல்லோருக்கும் வாக்குரிமை கேட்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. இலங்கைத் தேசிய காங்கிரஸ் ஓரளவு வருமானம் உள்ளவர்களுக்கே வாக்கு வேண்டும் என்றது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் சர்வசன வாக்குரிமையையே எதிர்த்தார். எல்லோருக்கும் வேண்டும் என்று உரத்துக் கேட்டவர்களில் முக்கியமானவர் கொழும்புத் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க. பெண்களும் சும்மா இருக்கவில்லை. 1927 டிசெம்பரில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைக்கப்பட்டது. அதன் செயலாளர் அக்னஸ் டி சில்வா முதலியோர் ஆணைக்குழு முன் சென்று சாட்சியம் அளித்தார்கள்.

1928இல் வெளிவந்த அறிக்கை ஆண்களுக்கு 21 வயதிலும் பெண்களுக்கு 30 வயதிலும் வாக்குரிமை வழங்கலாம் என்றது. பின்னர் பெண்களுக்கும் 21 வயது என்று திருத்தப்பட்டது. பிரித்தானியாவிலேயே 1918இல் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குத்தான் வாக்குக் கிடைத்தது. ஆண்களுக்குச் சமமாக 21 வயதில் கிடைத்தது 1928இல். எமது நாட்டுப் பெண்கள் அதற்கு மூன்று ஆண்டுகள் பின்னர் அதே நிலையை அடைந்தார்கள். பிரான்ஸ் நாட்டுப் பெண்களுக்கு 1944 வரையும் சுவிற்சர்லாந்துப் பெண்களுக்கு 1971 வரையும் தேசியத் தேர்தல்களில் வாக்கு இருக்கவில்லை. இந்தியாவில் வயது வந்த எல்லோரும் வாக்களித்த முதலாவது பொதுத்தேர்தல் 1951-52இல் நடைபெற்றது.

இந்தத் திட்டம் 1929 டிசெம்பர் 12ஆம் திகதி சட்டநிரூபண சபையில் ஆதரவாக 19, எதிராக 17 என்ற வாக்குகளால் நிறைவேறியது. இரண்டு வாக்கு வித்தியாசம் மட்டுமே. இனவாரியாக ஆசனங்கள் ஒதுக்கும் பழைய முறையை இத்திட்டம் ஒழித்தபடியால், சிறுபான்மை இனங்களின் உறுப்பினர்களில் பெரும்பாலோர் எதிர்த்தார்கள். அவர்களுடைய பயம் முழுவதும் காரணமற்றதல்ல என்பதைப் பின்னர் காண்போம்.

3. 1931: ஓர் ஆண்டின் நாட்குறிப்பு

அந்த ஒரே ஆண்டில் இலங்கையிலும் ஆட்சி செய்த நாட்டிலும் நடந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்ப்போம்.

மார்ச் 20: புதிய அரசியலமைப்புக்கான கட்டளை லண்டனில் பிறப்பிக்கப்பட்டது.

மே 4: அரசாங்க சபைக்கான வேட்புமனுத் தாக்கல் நாள்.

மே 15: பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் "நாற்பதாம் ஆண்டு" என்ற சுற்றுமடலை உரோமாபுரியில் வெளியிட்டார். தொழிலாளர் பற்றிப் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1891இல் எழுதிய சுற்றுமடலின் 40ஆவது ஆண்டு நினைவு அது.

யூன் 13 முதல் 20 வரை: இலங்கையில் வயது வந்தோர் அனைவருக்குமான முதலாவது தேர்தல்.

யூலை 7: அரசாங்க சபை முதன்முதலாகக் கூடியது.

ஓகஸ்ட் 24: பிரித்தானியாவில் ராம்சே மக்டொனால்டின் தொழிற்கட்சி அரசாங்கம் கவிழ்ந்தது. மக்டொனால்டே மற்றக் கட்சிகளுடன் கூடித் தேசிய அரசாங்கம் அமைத்தார்.

செப்டெம்பர் 21: பிரித்தானிய பவுண் தங்கத்துடன் கொண்டிருந்த பிணைப்பு அறுக்கப்பட்டது.

ஒக்ரோபர் 27: பிரித்தானியப் பொதுத்தேர்தல். 615 ஆசனங்களில் தேசிய அரசாங்கத்தை ஆதரித்தவர்கள் 554ஐக் கைப்பற்றினர். தொழிற்கட்சிக்கு 52 மட்டுமே.

டிசெம்பர் 11: கனடா, அவுஸ்திரேலியா முதலிய டொமினியன் நாடுகளின் சட்டமன்றங்கள் பிரித்தானியப் பாராளுமன்றத்துக்குக் கீழ்ப்பட்டவையல்ல என்ற வெஸ்ற்மின்ஸ்ரர் சட்டம் நிறைவேறியது. இலங்கை அந்த வரிசையில் இல்லை.

இந்தக் குறிப்பிலிருந்து ஒன்றை விளங்கிக்கொள்ளலாம். எமக்கு வாக்குரிமை வந்த நேரம் உலகமெங்கும் பொருளாதாரம் சரிந்த நேரம். பிரித்தானியாவில் வேலையற்றோர் தொகை 25 இலட்சத்தைத் தாண்டியது. அரசாங்கத்தின் செலவைக் குறைப்பதற்காக வேலையற்றோருக்குக் கொடுக்கும் உதவிப்பணத்தில் நூற்றுக்குப் பத்து வெட்டவேண்டும் என்ற யோசனை வந்தபோது மந்திரிசபை இரண்டாகப் பிளந்தது. ஏழைகளின் கட்சி என்று வந்த அரசாங்கம் ஏழையின் கோப்பையில் கைவைப்பதா என்பதே பிரச்சினை. அரசாங்கம் கவிழ்ந்தது, புதிய அரசாங்கம் வெட்டியது. சம்பளக் குறைப்பை எதிர்த்து ஸ்கொற்லாந்தின் இன்வர்கோர்டன் துறையில் கடற்படையினர் செப்டெம்பர் நடுப்பகுதியில் வேலைசெய்ய மறுத்தார்கள். வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் சென்ற மகாத்மா காந்தி, அந்நியத் துணிப் பகிஷ்கரிப்பினால் பாதிக்கப்பட்ட லங்காஷயர் நெசவாலைத் தொழிலாளர்களைத் தேடிப்போய்ச் சந்தித்ததும் அதே செப்டெம்பரில்தான்.

இங்கே தேயிலை, இறப்பர், தேங்காய் ஆகிய மூன்றின் விலைகளும் விழுந்தன. இந்த மூன்றையும் விற்றே அரிசி வாங்கிய நாடு இது. வாக்கு வந்தது, சோறு வரவில்லை. 1934-35இல் மலேரியாக் காய்ச்சல் பரவி ஏறக்குறைய 80,000 பேரைக் கொண்டுபோனது. ஆகவே வாக்குரிமை கிடைத்தவுடன் வாழ்வு மலர்ந்தது என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். வாக்கு என்பது மண்வெட்டியைப் போன்றது. அது தானாக வரம்பு கட்டாது. அது இல்லாதவனாலும் வரம்பு கட்ட முடியாது.

4. கடதாசியால் வெளியே நிறுத்தப்பட்டவர்கள்

சர்வசன வாக்குரிமை என்றால் எல்லோருக்கும் என்று பொருள். ஆனால் மலையகத் தோட்டத் தொழிலாளருக்கு மட்டும் தனி நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. இலங்கையே தமது நிரந்தர வதிவிடம் என்று நிரூபிக்க வேண்டும். அல்லது கல்வி, சொத்துத் தகைமை இருக்க வேண்டும். அல்லது ஐந்து வருட வதிவைக் காட்டி நிரந்தரமாகக் குடியிருப்பவர் என்ற சான்றிதழ் எடுக்க வேண்டும். லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்தவன் எந்தக் கடதாசியைக் காட்டுவான்? பல இலட்சம் பேர் உழைத்த தோட்டங்களிலிருந்து 1931இல் ஏறக்குறைய 1 இலட்சம் பேரே இடாப்பில் இடம்பெற்றார்கள். அப்படியிருந்தும் அட்டன் தொகுதியிலிருந்து பெரி. சுந்தரம் தெரிவாகி, தொழில், கைத்தொழில், வர்த்தக மந்திரியானார்.

அந்தப் பெயர்களும் நிலைக்கவில்லை. சுதந்திரம் கிடைத்த 1948இல் வந்த பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வாக்குரிமையும் பறிபோனது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் செய்த உடன்படிக்கை அவர்களைக் கணக்குப்போட்டுப் பிரித்தது. எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் வர 2003ஆம் ஆண்டாயிற்று. 1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் எம் மத்தியில் நிறைய உண்டு. உங்களுடைய பாட்டனார், பாட்டியின் கதைதான் இது. ஒரு சான்றிதழ் இல்லாததால் மூன்று தலைமுறை வெளியே நின்றது.

5. மற்றவர்களின் தீர்மானத்தால் வெளியே நின்றவர்கள்

வடக்கில் நடந்தது வேறு. 1924இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிய யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் அக்காலத்தில் மிகுந்த செல்வாக்குடன் விளங்கியது. ஹன்டி பேரின்பநாயகம் போன்ற ஆசிரியர்கள் அதை நடத்தினார்கள். 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்கள் இவர்களே. சாதி வேற்றுமையை எதிர்த்தார்கள். பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக அமர வேண்டும் என்று வாதாடினார்கள். அவர்களுடைய நேர்மையில் குறை காண இடமில்லை.

டொனமூர்த் திட்டம் முழுமையான சுயாட்சி தரவில்லை என்பது அவர்களுடைய எதிர்ப்பு. அது உண்மைதான். அரசாங்க சபையில் தெரிவுசெய்யப்படுவோர் 50 பேர், நியமிக்கப்படுவோர் 8 பேர், உத்தியோகத்தர் 3 பேர். நிதியும் சட்டமும் வெளிவிவகாரமும் பாதுகாப்பும் அந்த மூன்று உத்தியோகத்தர்களின் கையில் இருந்தன. தேசாதிபதியின் அதிகாரமும் குறையவில்லை. ஆகவே தேர்தலைப் பகிஷ்கரிப்போம் என்றார்கள். தென்னிலங்கையும் பின்தொடரும் என்று எதிர்பார்த்தார்கள்.

மே 4ஆம் திகதி யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவர்கூட வேட்புமனுக் கொடுக்கவில்லை. மன்னார்-முல்லைத்தீவுத் தொகுதி மட்டும் வடக்கில் ஆளனுப்பியது. தென்னிலங்கை பின்தொடரவில்லை. சபை 46 தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்களுடன் கூடியது. ஏழு நிர்வாகக் குழுக்கள் அமைக்கப்பட்டன. ஏழு மந்திரிகள் வந்தார்கள். நான்கு நாற்காலிகள் 1934இல் இடைத்தேர்தல் நடக்கும்வரை வெறுமையாகக் கிடந்தன.

இங்கே நாம் நின்று சிந்திக்க வேண்டும். அந்த நான்கு தொகுதிகளிலும் முதன்முதலாக வாக்குக் கிடைத்தவர்கள் யார்? கூலிக்கு உழைத்தவர்கள், கோயில் வாசலுக்கும் கிணற்றடிக்கும் அப்பால் நிறுத்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள், எல்லாச் சாதியையும் சேர்ந்த பெண்கள். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெரிய வீட்டுக்காரன் அவர்களிடம் வந்து கைகூப்பிக் கேட்டிருக்க வேண்டிய ஆண்டு அது. அந்தச் சந்தர்ப்பம் அவர்களுக்கு மூன்று ஆண்டுகள் பிந்தியது. பகிஷ்கரிப்புச் சரியா பிழையா என்று படித்தவர்கள் மேடையில் வாதிட்டார்கள். மேடைக்கு வராத புதிய வாக்காளருக்கு அதில் குரல் இருக்கவில்லை.

இது பழைய கதை மட்டுமல்ல. 2005ஆம் ஆண்டு சனாதிபதித் தேர்தலில் யாழ் மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு 1.2 பேர். வன்னி மக்களும் ஒதுங்கியே நின்றார்கள். வெற்றியின் வித்தியாசம் நாடு முழுவதிலும் ஏறக்குறைய 1 இலட்சத்து 80 ஆயிரம் வாக்குகள். அதன்பின் வந்த ஆண்டுகளில் யார் தலையில் எது விழுந்தது என்பதை இங்கு எழுதவேண்டியதில்லை. வாக்களித்திருந்தால் எல்லாம் நன்றாக நடந்திருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. அத்தீர்மானமும் அதன் சுமையைச் சுமக்கப்போகிறவர்களைக் கேட்டு எடுக்கப்படவில்லை என்பதையே சொல்கிறேன்.

6. உள்ளே வந்தவர்கள் பெற்றதும் பெறாததும்

ஏழைகளின் வாக்குத் தேவைப்பட்டபின் சபையின் போக்கு மெல்ல மாறியது. வேலைசெய்யும்போது காயப்பட்ட தொழிலாளிக்கு நட்டஈடு வழங்கும் சட்டம் 1934இல் வந்தது. பிரசவகால உதவிச் சட்டம் 1939இல் வந்தது. கல்வி மந்திரி கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தது. இன்று எமது பிள்ளைகள் கட்டணமின்றிப் படிப்பதன் வேர் 1931இல் இருக்கின்றது.

காணி விடயமும் அவ்வாறே. விவசாய, காணி மந்திரியாக வந்தவர் டி. எஸ். சேனநாயக்க. அவர் காலத்தில் 1935இல் நிறைவேறியதே காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். நாம் "எல்.டி.ஓ. பேமிற்" என்று சொல்லும் பத்திரம் அச்சட்டத்தின் கீழ் வருவது. கிளிநொச்சியின் குடியேற்றத் திட்டங்களில் எத்தனையோ குடும்பங்கள் அந்த ஒரு தாளை நம்பி வாழ்ந்தன. ஏழைக்குக் காணி கொடுக்க வந்த அதே சட்டம், நாட்டின் கிழக்கிலும் வேறு இடங்களிலும் இனப்பரம்பலை மாற்றிய குடியேற்றங்களுக்கும் கருவியானது.

சிறுபான்மையினரின் பயம் 1936இல் உண்மையாயிற்று. அவ்வாண்டுத் தேர்தலின் பின் அமைந்த மந்திரிமார் சபையில் எல்லோரும் சிங்களவர்கள். தலைகளை எண்ணுவது மட்டும் நீதியாகிவிடாது என்பது அன்றே தெரிந்துவிட்டது. வாக்குரிமை வேண்டும், எண்ணிக்கையில் குறைந்தவர்களைக் காக்கும் ஏற்பாடும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதை மறுப்பது முறையல்ல.

இரண்டாம் படி: சீர்தூக்குதல்

விவிலியத்தில் எண்ணிக்கை நூலை நாம் அதிகம் வாசிப்பதில்லை. பெயர்களும் தொகைகளும் நிறைந்த நூல் என்று தாண்டிவிடுகிறோம். ஆனால் அது இடம்பெயர்ந்த மக்களின் நூல். 40 ஆண்டுகள் பாலைநிலத்தில் கூடாரமடித்து வாழ்ந்த மக்களைக் குலம் குலமாக எண்ணிப் பெயர் எழுதுகிறார்கள். 26ஆம் அதிகாரத்தில் அந்தப் பெயர்களின் கணக்குப்படியே நிலம் பங்கிடப்பட வேண்டும் என்று கட்டளை வருகின்றது.

உடனே 27ஆம் அதிகாரத்தில் ஐந்து சகோதரிகள் வருகிறார்கள். செலொபுகாதின் புதல்வியர். தந்தை பாலைநிலத்தில் இறந்துவிட்டார், ஆண்பிள்ளை இல்லை. பட்டியலின்படி அவர்களுக்குக் காணி இல்லை. அவர்கள் அழுதுகொண்டு கூடாரத்துக்குள் இருக்கவில்லை. மோசேயின் முன்னும் தலைவர்களின் முன்னும் மக்கள் அனைவரின் முன்னும் வந்து நின்று, எங்கள் தந்தையின் பெயர் ஏன் அற்றுப்போக வேண்டும் என்று கேட்டார்கள். மோசே தாமாகத் தீர்ப்பிடாமல் ஆண்டவரிடம் கொண்டுபோனார். பெண்கள் கேட்பது நியாயம் என்று ஆண்டவர் சொன்னார். சட்டம் மாற்றப்பட்டது. அக்னஸ் டி சில்வாவும் மற்றப் பெண்களும் ஆணைக்குழு முன் போய் நின்றதும் அப்படிப்பட்ட செயல்தான்.

1931இல் வந்த பாப்பரசரின் சுற்றுமடலும் எமக்கு ஒரு அளவுகோலைத் தருகின்றது. சிறிய சமூகம் தானே செய்யக்கூடிய காரியத்தை மேலே உள்ள பெரிய அமைப்புப் பறித்துக்கொள்வது அநீதி என்று அவர் போதித்தார். பெரிய அமைப்பின் கடமை சிறியதற்குக் கைகொடுப்பது. இந்தப் போதனை அரசாங்கத்துக்கு மட்டும் சொல்லப்பட்டதல்ல. இயக்கத்துக்கும், தொண்டு நிறுவனத்துக்கும், கமக்காரர் அமைப்பின் நிர்வாகிகளுக்கும், பங்குத்தந்தைக்கும் அது பொருந்தும். மக்களுக்காகத் தீர்மானிப்பதும் மக்களோடு தீர்மானிப்பதும் ஒன்றல்ல.

மூன்றாம் படி: செயற்படுதல்

பின்வருவன எங்கள் கைக்கு எட்டிய வேலைகள். ஒவ்வொரு குழுவும் இவற்றில் இரண்டையாவது தெரிவுசெய்து மூன்று மாதத்துக்குள் முடிக்கலாம்.

அ) இடாப்பு. கிராம அலுவலரிடம் சென்று இடாப்பைப் பார்வையிடுங்கள். 18 வயது நிரம்பிய பிள்ளைகள், திருமணமாகி வந்த பெண்கள், இந்தியாவிலிருந்து திரும்பியவர்கள், உறவினர் வீட்டில் தங்கியிருப்பவர்கள் ஆகியோருடைய பெயர்களே வழக்கமாக விடுபடுகின்றன. போரால் இடம்பெயர்ந்தவர்கள் தமது பழைய இடத்திலேயே பதிவதற்கு 2013இல் விசேட சட்டம் ஒன்று குறித்த காலத்துக்கென இயற்றப்பட்டது. அப்பொழுது பதிந்தோம், போதும் என்று இருந்துவிடக் கூடாது. ஒவ்வொரு திருத்தத்திலும் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆ) பத்திரங்கள். பிறப்பு, விவாக, மரணப் பத்திரங்களில் எது இல்லை என்று வீடு வீடாகக் குறித்துக்கொண்டு ஒரே நாளில் கூட்டமாகப் போய் விண்ணப்பியுங்கள். போரில் காணாமற்போனவரின் குடும்பம் மரணப் பத்திரம் எடுக்க விரும்பாவிட்டால், காணாமற்போனவர் என்பதற்கான சான்றிதழைப் பெறுவதற்கு 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமுண்டு. பேமிற் காரர் காணாமற்போன வீடுகளில் காணி அலுவல்களைத் தொடர அது உதவும்.

இ) காணிப் பேமிற். பேமிற் யாருடைய பெயரில் இருக்கிறது, பின்னுரித்தாளர் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பிரதேச செயலகத்தில் பதியுங்கள். மனைவியைப் பின்னுரித்தாளராகப் பெயர் குறிக்காமல் கணவன் இறந்தால், அவளுக்கு அக்காணியில் சீவிய உரிமை மட்டுமே உண்டு; மறுமணம் செய்தால் அதுவும் போய்விடும் என்பது அச்சட்டத்தின் நிலை. பின்னுரித்தில் ஆண்பிள்ளைக்கு முன்னிடம் கொடுத்த அட்டவணை 2022இல்தான் திருத்தப்பட்டது. 1935இல் வாக்கு இருந்த பெண்ணுக்குக் காணியில் சமஉரிமை வர 87 ஆண்டுகள் சென்றன. பேமிற் தொலைந்தவர்கள் பிரதேச செயலகத்தின் காணிப் பேரேட்டில் தங்கள் பதிவு உண்டா என்று விசாரியுங்கள். கிடைத்த பதிலை எழுத்தில் கேளுங்கள்.

ஈ) கூட்டங்கள். குளத்தின் கீழ் சிறுபோகம் எத்தனை ஏக்கர், யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு உங்கள் வீட்டிலிருந்து யார் போகிறார்கள்? வயலைத் தனியே செய்யும் விதவைத் தாய்மார் போகிறார்களா? போனால் பேசுகிறார்களா? வராதவர்களின் நாற்காலி வெறுமையாக இருந்தாலும் கூட்டம் நடக்கும், தண்ணீரும் பங்கிடப்படும். 1931இல் அந்த நான்கு நாற்காலிகளுக்கு நடந்ததை நினைவில் வையுங்கள்.

உ) புறக்கணிப்பு. ஒரு கூட்டத்தையோ தேர்தலையோ திட்டத்தையோ புறக்கணிக்க வேண்டிய சந்தர்ப்பம் வரலாம். அநீதிக்கு ஒத்துழையாமை நல்ல ஆயுதம். ஆனால் அதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இத்தீர்மானத்தின் சுமையைச் சுமக்கப்போகும் எல்லோரையும் கேட்டோமா? நாம் ஒதுங்கினால் காரியம் நிற்குமா, அல்லது நாம் இல்லாமலே நடக்குமா? எப்பொழுது, என்ன கிடைத்தால் திரும்பி உள்ளே வருவோம்?

கலந்துரையாடலுக்கான வினாக்கள்

1. உங்கள் குடும்பத்தில் முதன்முதலாக வாக்களித்தவர் யார்? எந்த ஊரில்? தெரியாவிட்டால் வயது சென்றவர்களிடம் கேட்டு வாருங்கள்.

2. இடப்பெயர்வில் நீங்கள் இழந்த பத்திரங்கள் எவை? அவற்றில் இன்னும் திரும்பக் கிடைக்காதவை எவை? அதனால் இழந்த உதவிகள் எவை?

3. உங்களைக் கேளாமல் உங்களுக்காக எடுக்கப்பட்ட ஒரு தீர்மானத்தைக் கூறுங்கள். அதை எடுத்தவர்கள் நல்ல நோக்கத்துடன் எடுத்திருந்தாலும் அதன் பலன் என்ன?

4. உங்கள் கமக்காரர் அமைப்பின் அல்லது மாதர் சங்கத்தின் அங்கத்தவர் பட்டியலை வாசியுங்கள். ஊரில் இருந்தும் பட்டியலில் இல்லாத குடும்பங்கள் எவை? ஏன் இல்லை?

5. எண்ணிக்கையில் குறைந்தவர்களைக் காக்க உங்கள் ஊரிலேயே என்ன ஏற்பாடு உண்டு? பத்து வீடுள்ள ஒரு பிரிவினருக்கு நூறு வீடுள்ள ஊரில் தண்ணீரும் பாதையும் நீதியாகக் கிடைக்கின்றனவா?

நான்காம், ஐந்தாம் வினாக்களுக்கு அவசரப்பட்டு விடை சொல்ல வேண்டாம். பட்டியலில் இல்லாத அந்தக் குடும்பங்களின் வீட்டுக்கு இரண்டு பேர் போய், அவர்கள் வாயால் கேட்டு வந்து அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள். இந்தப் பாடம் முடிவது அந்தக் கூட்டத்தில்தான்.